பதிலளித்தவர் ஏழு எழுதுவது

அம்மணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. ஆனால் நேற்று சாயங்காலம்தான் போனில் பேசினோம். டெல்லியில் குளிர் விட்டுவிட்டது என்றாய், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றாய். நானும் உன் அம்மாவும் சௌக்கியம்தான். எனக்கு மனசு மட்டும் நாலு நாளாகச் சரியில்லை. அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் நீ "சாப்டீங்களாப்பா" என்றதும், "ஆச்சு சாமி" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். திறந்தால் ஒரு முழத்தை மூன்று முழமாக அளந்து போடும். கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ராடும் ஸ்பானரும் பிடித்த கை, ஒரு வரி எழுதவே வியர்த்துக் கொட்டுகிறது, இதில் பொய்யையும் சேர்த்து எழுத அதற்குத் தெம்பு இல்லை. அதனால்தான் கடிதம். கவரை ஒட்டாமல்தான் கூரியரில் கொடுக்கப் போகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன் பேராசிரியரிடம் காட்டு, உன் கட்டுரை வரப்போகிற ஆய்விதழின் ஆசிரியரிடம் காட்டு. முக்கியமாக, உன் கட்டுரையைப் படித்துக் கேள்வி கேட்ட, முகம் தெரியாத அந்த ‘இரண்டாம் ஆள்’ இருக்கிறாரே, அவருக்குப் போய்ச் சேர வழியிருந்தால் கட்டாயம் சேர்த்துவிடு.

பத்து நாளைக்கு முன்னால், "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா ஒருக்கா பாக்கக் குடுத்திருக்காங்கப்பா, இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் தப்பு இருந்தாத் திருத்தலாம்" என்று சொல்லி உன் கட்டுரையைப் போனில் அனுப்பினாய் அல்லவா? அதை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். இருபத்திரண்டு பக்கம் வந்தது. கடையில் இருந்த பெண், "ஏனுங்கய்யா, கோர்ட்டு கேசுங்களா?" என்று கேட்டது. "இல்லீங்க, எம்புள்ள எழுதுனதுங்க. உலக நாட்டு விவகாரமெல்லாம் போடற புஸ்தகத்துல வருது. அதுல நானும் இருக்கறனுங்க" என்றேன். எங்கே என்று கேட்டது. பெயர் போட மாட்டார்கள் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய், ஆனாலும் தேடினேன். பதினோராம் பக்கத்தின் அடியில் எறும்பு மாதிரி எழுத்தில், அடிக்குறிப்பாக: பதிலளித்தவர் ஏழு, ஆழ்துளைக் கிணறு போடும் தொழிலாளர், நாமக்கல் மாவட்டம். விரலை வைத்துக் காட்டினேன். அந்தப் பெண் எழுத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் லேமினேஷன் போடச் சொன்னேன். இப்போது டிவிக்கு மேலே நிற்கிறது. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாதாம்.

உன் ஆய்விதழை நான் கிண்டல் செய்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். முந்தின வருஷத் தீபாவளிக்கு ஒரு பழைய இதழைக் கொண்டுவந்தாய். அட்டையில் படம் இல்லை, உள்ளே விளம்பரம் இல்லை, ராசி பலன் இல்லை. பாதிப் பக்கம் விஷயம், மீதிப் பாதி அடிக்குறிப்பு. ஒரு வரி சொல்வதற்கு நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்களே, அவ்வளவு நம்பிக்கை இல்லாத கூட்டமா என்று கேட்டேன். நீ கோபித்துக்கொள்ளாமல் விளக்கினாய். ஒருவர் எழுதி அனுப்பினால் பெயரை மறைத்து இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள், யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாது, யார் படித்தது என்று எழுதியவருக்குத் தெரியாது, இருவரும் சரி என்றால்தான் அச்சு என்றாய். அட, இது நம் காட்டில் நடப்பதுதானே என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. தண்ணீர்ப் பாயிண்ட் பார்க்க ஒருவர் வருவார், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார், தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார். விவரமான விவசாயி கல்லை எடுத்துவிட்டு, தடத்தையும் கலைத்துவிட்டு, அடுத்த நாள் இன்னொருவரைக் கூப்பிடுவான். இரண்டு பேரும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் போர் போடுகிற எங்கள் ரிக் வண்டிக்குப் போன் வரும். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை வகுப்பில்கூடச் சொல்லப் போகிறேன் என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன் அம்மா அந்த வாரம் ஆத்தூரில் அவள் தங்கை வீட்டில் இருந்தாள். திரும்பி வந்ததும் உட்கார வைத்துவிட்டேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவள், ஒவ்வொரு பத்தியாகப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். ஆரம்பத்தில் எல்லாம் பிரமாதம். நாட்டுக்கும் நாட்டுக்கும் உறவை வளர்ப்பது தூதர்களும் மந்திரிகளும் மட்டும் இல்லை, ரிக் வண்டியோடு கப்பலேறிப் போன திருச்செங்கோட்டு ஆட்களும்தான் என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க மூக்கைச் சிந்தினேன். அப்புறம் நாலாம் பகுதி வந்தது. தான்சானியாவில் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஏழாம் எண் எல்லையைப் பார்த்துப் பாயிண்ட் வைத்தார், இரண்டு ஊர்த் தலைவர்களையும் உட்கார வைத்துப் பேசினார், குடங்களை இந்த ஊருக்கு ஒன்று அந்த ஊருக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்கும் கொங்கு நாட்டு முறையை அங்கே கொண்டுபோனார். அதற்கு ஒரு படம்கூடப் போட்டிருக்கிறாய். இந்தப் பக்கம் நாமக்கல், அந்தப் பக்கம் தான்சானியா, நடுவில் ஒரு அம்புக்குறி. உன் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ஏனுங்க, இந்த ஏழாம் நெம்பர் நீங்கதானுங்களே?"

"ஆமா, நாந்தான்."

"அப்ப அந்தச் சேறு எங்கீங்க போச்சு?"

நான் ஜெராக்ஸ் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். அவளே சொன்னாள்: "இத்தனை வருசமா நீங்க சந்தோசமாச் சொல்லும்போது எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன். ஊட்டுக்குள்ள பேசறது வேற. இது அச்சுல ஏறுதுங்க. நாளைக்கு இன்னொரு புள்ள இத நம்பி இன்னொண்ணு எழுதும்."

சொல்லிவிடுகிறேன், அம்மணி. நான் பாயிண்ட் வைக்கவே இல்லை. எங்களுக்குக் காட்டியிருந்த இடம் முதல் ஊருக்குள், தலைவர் வீட்டுப் பக்கத்தில். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் மண், கேட்க வேண்டுமா. ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போதே வண்டி பின்சக்கரம் முழுக்க இறங்கிவிட்டது. அதுவும் எப்படி? டிரைவர் கல் பாதையில் போகலாம் என்றான், நான்தான் மேதாவி மாதிரி குறுக்கே விடச் சொன்னேன். ஒன்றரை நாள் தள்ளினோம், பலகை போட்டோம், கிளை வெட்டிப் போட்டோம், அசையவில்லை. பைக்கில் வந்து பார்த்த மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு, "நின்ன எடத்துலயே எறக்கித் தொலைங்க, டீசல் தீருது" என்றார். ஜாக்கியை ஊன்றி வண்டியை மட்டம் பண்ணி அங்கேயே ராடை இறக்கினோம். அந்த இடம் இரண்டு ஊருக்கும் சரிபாதியில் இருந்தது சேற்றின் புண்ணியம். நூறு அடி வரைக்கும் வெறும் மண்புகை. இருநூறு தாண்டியதும் கம்ப்ரசர் சத்தம் மாறியது, அப்புறம் தண்ணீர் பீய்ச்சியடித்தது. "மாஜி, மாஜி" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். மாஜி என்றால் அவர்கள் பாஷையில் தண்ணீர். இரண்டு ஊரிலிருந்தும் பெண்கள் மஞ்சள் கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டு கூட்டமும் வண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு ஒன்றை ஒன்று முறைத்தது. அந்த நேரத்தில் உன் அப்பன் எங்கே இருந்தேன் தெரியுமா? வண்டிக்கு அடியில், மல்லாக்கப் படுத்து, ஆக்சிலில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டு இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். ஒரு பெண்ணின் கால்கள் முன்னால் வந்தன. தன் கேனை வைத்தாள். எதிர்ப்பக்கம் போய் அந்த ஊர்க்காரி ஒருத்தியின் காலடியிலிருந்த கேனை எடுத்துத் தன் கேனுக்குப் பின்னால் வைத்தாள். அப்புறம் தன் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று. ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. நான் அடியிலிருந்து வெளியே வருவதற்குள் நாற்பது ஐம்பது கேன் கோடு போட்ட மாதிரி நின்றது, யார் ஊர் முதலில் என்ற பேச்சே இல்லை. தலைவர்கள் இரண்டு பேரும் மறுநாள் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, என் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டு ஹாலில் மாட்டியிருப்பது, உன் கட்டுரையில் மூன்றாம் படமாகப் போகப் போவது, அந்தப் போட்டோதான்.

நீ பேட்டி எடுத்தபோது ஒரு தடவை சொன்ன பொய்யை வாய்க்கொழுப்பு என்று விட்டுவிடலாம். நான் இரண்டாம் தடவையும் சொன்னேன், அதுதான் என்னை உறுத்துகிறது. போன ஆடி மாசம் நீ போன் செய்தாய். கட்டுரையைப் படித்த இரண்டு பேரில் இரண்டாம் ஆள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், இந்த வழக்கம் வெளியிலிருந்துதான் வந்தது என்பதற்கு ஏழாம் எண்ணின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டிருக்கிறார் என்றாய். எனக்குச் சுள்ளென்று ஏறியது. யாரவன், ரிக் வண்டியைக் கண்ணால் பார்த்திருப்பானா, ஒரு ராடைத் தூக்கியிருப்பானா என்று குதித்தேன். நீ பொறுமையாக, "கோவப்படாதீங்கப்பா. ஒருக்கா நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நீங்கதானே அந்த மொறையச் சொல்லிக் குடுத்தீங்க? இந்தக் கட்டுரை வந்தாத்தான் எனக்கு நிரந்தர வேலைக்கு இன்டர்வியூல பேசறதுக்கு வாய் இருக்கும்" என்றாய். அந்தக் கடைசி வார்த்தையில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், "நாந்தான் சாமி சொன்னேன். அப்பன் மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கு மேல் எந்தப் பிள்ளை கேள்வி கேட்கும்? நம்பிக்கையைக் காட்டி உன் வாயை அடைத்தேன். நீயும் அவருக்கு அப்படியே எழுதி அனுப்பிவிட்டாய். இப்போது நினைத்தால் எனக்கு அவர் மேல் மரியாதைதான் வருகிறது. இந்த உலகத்தில் என் தான்சானியாக் கதையைச் சந்தேகப்பட்டவர்கள் உன் அம்மாவுக்கு அடுத்து அவர் ஒருவர்தான். அவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. திருச்செங்கோடு பக்கம் வந்தால் ஒரு வேளை நம் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போகச் சொல்.

சின்ன வயதில் ஒரு பாடம் படித்தும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்து மூன்றாம் வருஷம், மேச்சேரிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற ஒரு குடும்பத்துக்கு போர் போட்டோம். அந்த அம்மா நாங்கள் ராடு இறக்கும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையை மடியில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ராடு கணக்கில்தான் கூலி, முடிந்ததும் நான் முப்பத்திரண்டு ராடு என்றேன். அவர்கள் மடியை அவிழ்த்துத் தரையில் பரப்பினார்கள். முப்பத்தொன்றுதான் இருந்தது. எனக்கு அவமானத்தில் கோபம் வந்து, "நான் பொய் சொல்றனுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா சிரித்தபடியே, "பொய்யின்னு சொல்லலீங்க தம்பி. எண்ணாமச் சொல்றீங்கன்னு சொல்றேன்" என்றார்கள். ராடை எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. உன் இரண்டாம் ஆள் என்னைக் கேட்டதும் அதைத்தான். அவர் மடியில் கொட்டை வைத்திருக்கிறார். நீ வருங்காலத்தில் நாற்பது பேரைப் பேட்டி எடுப்பாய். பாசமாகப் பேசுகிறவன், காபி கொடுக்கிறவன், அப்பன், யாராக இருந்தாலும் ஒரு பிடி கொட்டையோடு போய் உட்கார். அதற்காக யாரும் உன்னை மட்டமாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால், என்னை மாதிரி ஏதோ மறைக்கிறான் என்று புரிந்துகொள்.

நேற்று முன்தினம் ராசப்பனைப் பார்க்கப் போனேன். எங்கள் வண்டியில் சமையல்காரராக வந்தவர், உனக்குப் பிடித்த அந்த ராசப்பன் மாமாதான். இப்போது லாரி பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் மெஸ் வைத்திருக்கிறார். எதற்குப் போனேன் என்றால், கடிதம் எழுத உட்கார்ந்தபோது அந்தப் பெண்ணின் பேர் என்ன என்று எழுத வேண்டிய இடம் வந்தது. பேனா நின்றுவிட்டது. எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எத்தனை அடிக்கு கேசிங் பைப் இறக்கினோம், மேனேஜர் என்ன கலர் சட்டை போட்டிருந்தார், எல்லாம் நினைவிருக்கிறது. அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட அவள் அதில் வரவில்லை, பேர் எப்படித் தெரியும்? ராசப்பன் சாம்பார் ஊற்றிக்கொண்டே, யோசிக்காமல் சொன்னார்.

"நேமாக்காவக் கேக்கறீங்களாண்ணா? நாலு நாளும் நமக்கு வெறகு குடுத்ததே அவங்கதானுங்ணா. நீங்க துன்னுபோட்டு ஏப்பம் உட்டீங்களே, அந்த மக்காச்சோளக் களி, அதும் அவங்க கிண்டிக் காட்டுனதுதான்."

சொல்லிவிட்டுக் கல்லாவுக்கு மேலே கையைக் காட்டினார். அதே போட்டோ. எங்கள் மேனேஜர் ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார். நம் வீட்டில் இருப்பதை பிரேம் கடைக்காரர் அளவுக்காக ஓரத்தை வெட்டிவிட்டார். ராசப்பனுடையது வெட்டாதது. தலைவர்கள் இரண்டு பேர், நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான், அப்புறம் வலது பக்கத்தில் வரிசையாக மஞ்சள் கேன்கள். ஒரு பெண் குனிந்து கேனைத் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள், முகம் நன்றாகத் தெரிகிறது, கேமராவைக் கவனிக்கவே இல்லை. வேலையாக இருக்கிறாள். ராசப்பன் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார், துடைத்து இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும், சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது என்கிறார். அந்த ஊரில் நம் வண்டியோடு வேலை செய்த ஒருவரின் நம்பரும் அவரிடம் இருக்கிறது, பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நேமாவை அவர் மூலம் தேடிப் பிடிக்கலாமாம். நீ பேசு. இந்தத் தடவை என்னை நடுவில் வைக்காதே.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். நீ ஏன் என் கதையை அவ்வளவு சுலபமாக நம்பினாய் என்று அவளிடம் கேட்டேன். நீ அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாய் என்றாள். நீ நாலாம் வகுப்புப் படித்த வருஷம் கடும் வறட்சி, லாரியில் தண்ணீர் வந்தது. நம் தெருவுக்கும் பின் தெருவுக்கும் தினம் சண்டை. ஒரு நாள் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, நம் தெருக் குடம் ஒன்று, அவர்கள் தெருக் குடம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தேன். சண்டை நின்றுவிட்டது. நீ ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அது காலங்காலமாக நம் ஊரில் இருக்கிற முறை என்று நினைத்துவிட்டாய். அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தேன். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்ததை நடுத்தெருவில் செய்தேன், அவ்வளவுதான். இப்போதும் லாரி வந்தால் நம் தெருவில் அப்படித்தான் வைக்கிறார்கள். நேமாவின் முறை என்று ஒருவருக்கும் தெரியாது. உன் அம்மா ஒரு பென்சிலை எடுத்து, உன் படத்தில் இருந்த அம்புக்குறியின் கூர்முனையை அடித்துவிட்டு, நாமக்கல் பக்கம் போட்டாள். "அவ எழுதுனதுல பாதிக்கு மேல சரிதானுங்க. திசைதான் மாறிப்போச்சு" என்றாள். நான் படிக்காதவன், இதில் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. ஆனால் எனக்கென்னவோ, அந்தப் பக்கம் கொடுத்தோம் என்பதைவிட அந்தப் பக்கமிருந்து வாங்கி வந்தோம் என்பதைக் கேட்க நன்றாக இருக்கிறது. நாங்கள் போனது கொடுக்க மட்டும்தான் என்று இத்தனை வருஷமாக மார்தட்டியிருக்கிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

இதனால் கட்டுரை தள்ளிப் போகலாம், ஒரேயடியாக வேண்டாம் என்றும் சொல்லலாம். இன்டர்வியூவுக்கு முன்னால் வராமல் போகலாம். அது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷ உழைப்பில் உன் அப்பனே சேற்றை அள்ளிப் போட்டிருக்கிறேன், மன்னித்துக்கொள் என்று நேராகவே கேட்கிறேன். நீ கோபப்படு, நாலு நாள் போன் எடுக்காதே, தகும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்கு எழுதிவிடு. நீயாகச் சொன்னால் அது திருத்தம். நாளைக்கு வேறு யாராவது சொன்னால் அதற்குப் பேர் வேறு.

எதற்காக மாற்றிச் சொன்னேன் என்று கேட்பாய். அதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். இரண்டு ஊர்க்காரர்களும் வேல்கம்போடு நின்றார்கள் என்று ஒரு காலத்தில் சொன்னதெல்லாம் சினிமா பார்த்த புத்தி. நல்லவேளை, அதை நீ நம்பவில்லை, கட்டுரையில் இல்லை. ஆனால் சேற்றை எடுத்துவிட்டுத் தலைவர்களைக் கொண்டுவந்தது வேறு காரணம். நான் ஊர் திரும்பிய அன்றைக்கே உன்னை மடியில் வைத்துக்கொண்டு உள்ளது உள்ளபடி சொன்னேன். வண்டி சிக்கியது, நான் அடியில் படுத்திருந்தது, ஒரு அத்தை கேன் வைத்தது, எல்லாம். நீ ஒன்றாம் வகுப்பு. அடுத்த வாரம் டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பி, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொல்லச் சொன்னாராம். நீ எழுந்து நின்று சொன்னாய். வகுப்பே சிரித்துவிட்டது. ‘சேத்து வண்டி’ என்று பட்டப்பேர் வேறு வைத்துவிட்டார்கள். சாயங்காலம் பையோடு வாசலில் உட்கார்ந்து நீ அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது ஆரம்பித்ததுதான், அம்மணி. "அந்தப் பசங்களுக்கு என்ன தெரியும், அப்பா அங்க என்ன பண்ணுனேன்னு முழுசாச் சொல்றேன் கேளு" என்றேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்டாய். அந்த ‘அப்புறம்’ இருபத்து மூன்று வருஷம் ஓடி, உலக விவகார ஆய்விதழில் வந்து நிற்கிறது.

டீச்சர் அன்றைக்கு உன் அம்மாவிடம், நீ சொன்னதை வரி மாறாமல் சொல்லியிருந்தார். உன் அம்மாவுக்கு இன்னும் மனப்பாடம். "எங்கப்பா வண்டி சேத்துல மாட்டிக்கிச்சுங்க டீச்சர். அங்கயே தண்ணி வந்திருச்சு. ஒரு அத்தை எல்லாருக்கும் வரிசையா வெச்சாங்க." மூன்றே வரி. நடந்தது அவ்வளவுதான். நீ இந்த விஷயத்தைப் பற்றி எழுதிய முதல் கட்டுரை அதுதான் சாமி, அதில் ஒரு பிழையும் கிடையாது. கெடுத்தது நான். அதையே அச்சில் போடு. இந்தத் தடவை யார் சிரித்தாலும் நான் அழ விட மாட்டேன், கதையையும் மாற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
சேற்று வண்டிக்கு அடியில் படுத்திருந்த
அப்பா